நாலு மணிப் பக்கம்

செரஸ் குறுங்கோள், பனிக்குழி நிலையம்
செப்டம்பர் 6, காலை 7:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. அணு உலை சரி, அதன் பம்ப் மட்டும் கிழவன் மாதிரி இருமுகிறது. காற்று வடிகட்டிகளைக் கழற்றித் தட்டி மாட்டினேன். காலைக்கு ரவை உப்புமா, ஒரு ஆளுக்கு.

விழித்திருக்கிறவர் தினமும் எழுதவேண்டும் என்பது நிலையத்துச் சட்டம். விழித்திருப்பது நான் ஒருத்திதான். பெயர் ஜைத்தூன் பீவி, ஊர் காரைக்கால். வேலை சமையல், வடிகட்டி சுத்தம். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசி பெஞ்சு. பின்னால் இதை எடுத்துப் படிக்கிறவர் யாரானாலும் பிழையைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். திருத்த மட்டும் கூடாது. திருத்துவதற்கு என்று இங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்.

அவள் லெயோன்தின். புதுச்சேரி. பனிக்கட்டி ஆராய்ச்சி. முப்பாட்டன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தாராம், அந்தப் பெருமை இன்னும் அவள் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது. நான் அவளை மதாம் என்றுதான் கூப்பிடுவேன். மரியாதைக்காக இல்லை, கூப்பிட்டால் கோபம் வரும் என்பதற்காக.

போன வாரம் மதாம் குழிக்குள் இருந்தபோது ஒரு பனிப்பாளம் சரிந்தது. இங்கே எடை குறைவு, எதுவும் மெதுவாகத்தான் சரியும். ஆனால் நிற்காது. தலைக்கவசம் விரிசல் விட்டுவிட்டது. கயிற்றைப் போட்டு மேலே இழுத்தேன். உதடு நாவற்பழ நிறம். இங்கே வந்துகொண்டிருக்கும் மீட்புக் கப்பலின் டாக்டரம்மா வானொலியில் சொன்னபடி, உயிர் போகாமல் உறையவைக்கும் குளிர்ப்படுக்கையில் கிடத்தி மூடியைச் சாத்தினேன்.

அழுகை வரவில்லை. அரிசி ஊறப்போட்டது நினைவு வந்தது. போய்ச் சோறு வடித்தேன்.

செப்டம்பர் 6, மாலை 4:20

பழக்கத்தில் இரண்டு டீ போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

நாலு மணிக்கு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மதாம் ஒரு பழைய பிரெஞ்சு நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். எழுதினவர் செத்து முந்நூறு வருஷம் ஆகியிருக்கும். டீ குடிக்கும்போது எனக்கு ஒரு பக்கம் வாசிப்பாள். ஒன்றே ஒன்றுதான். மீதியை நான் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன் என்று டேப்லெட்டில் பூட்டும் போட்டுவிட்டாள். நாலு மணிக்கு ஒரு பக்கம் திறக்கும், அத்தோடு சரி.

பழைய இன்டர்காம் பதிவு ஒன்று பெட்டியில் கிடந்தது. இங்கே சேர்த்து வைக்கிறேன், ஆள் எப்படி என்று தெரியட்டும்.

"மதாம், அந்த லெப்டினன்ட் வருவானா மாட்டானா? அத மட்டும் சொல்லிடேன்."

"நாளைக்கு நாலு மணிக்கு."

"கடைசிப் பக்கத்த மட்டும் காதுல ஓதிடு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன். இங்க யாரு இருக்கா சொல்றதுக்கு?"

"ஜைத்தூன், இது மாத்திர மாதிரி. ஒரு நாளைக்கு ஒண்ணு. மொத்தமா முழுங்கினா வயித்தக் கெடுத்துடும். கடைசிப் பக்கம் வரும்போது நானே வாசிக்கிறேன். இப்ப போய் அந்தக் கருவாட்டுச் சட்டியக் கழுவு, நாத்தம் லேபு வரைக்கும் வருது."

"நாத்தமா? வாசன மதாம், வாசன."

நாவலில் ஒர்தான்ஸ் என்று ஒரு விதவை. மலையோரத்துச் சின்ன ஊர். போருக்குப் போன லெப்டினன்ட் ஒருவன் வியாழக்கிழமைக் குதிரைவண்டியில் திரும்பி வருவான் என்று ஜன்னலில் விளக்கேற்றிக் காத்திருக்கிறாள். விளக்குக்கு எண்ணெய் வாங்க வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்கிறாள், அதில் கமிஷன் அடிக்கிறான் கொழுந்தன்காரன். வியாழன்தோறும் வண்டி வரும். வேறு யாராவது இறங்குவார்கள். எனக்கு அந்தப் பொம்பளையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கலாம் என்று இருக்கும். ஆனாலும் மறுநாள் மூன்றே முக்காலுக்கே டீத்தண்ணியை வைத்துவிடுவேன்.

செப்டம்பர் 8, காலை 9:00

கப்பலில் இருந்து ஒலிபரப்பு. பேசியவர் துரைக்கண்ணு, வானொலி வேலை, நாகப்பட்டினம்.

"லாத்தா, தொரக்கண்ணு பேசுறேன். சின்ன வயசுல நாகூர்லயே கெடந்தவன், அதான் அக்கான்னு சொல்லாம லாத்தான்னு கூப்புடுறேன், கோச்சுக்காதீங்க. டாக்டரம்மா சொல்றாங்க. படுக்கையோட தலமாட்டுல ஒரு சின்ன வெளக்கு இருக்கும். அவங்க மூள காதுல விழறதுக்குப் பதில் சொன்னா அது பச்சையா எரியும். பதில் சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் மூள விட்டுப் போவாது. அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சத தெனம் கொஞ்சம் வாசிங்க. ரொம்ப வேணாம், மூள களச்சிரும். படுக்கையே தெனம் ஒரு தரம் கொஞ்ச நேரம் காதத் தொறக்கும், அப்பறம் தானா மூடிக்கும். எத்தன மணிக்கு வெக்கலாம்?"

நாலு மணிக்கு வைக்கச் சொன்னேன். வேறு எப்போது?

நான் அனுப்பியது: "தம்பி, நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ. ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள நீ கல்யாணமே முடிச்சிடலாம். பொண்ணு பாத்தாச்சா?"

பதில் வர இருபது நிமிஷம். "எனக்கு யாரு லாத்தா குடுப்பா?"

செப்டம்பர் 11, மாலை 4:30

மூன்று நாளாக வாசிக்கிறேன். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, பயபக்தியோடு. புதுப் பக்கங்கள்தான், ஆனால் எழுதினவள் அவள், ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரியும். விளக்கு எரியவில்லை.

இன்றைக்கு விரல் வழுக்கி இரண்டு வரியைத் தாண்டிவிட்டேன். ஒர்தான்ஸ் கடைக்குக் கிளம்பினவள் நேரே படுக்கையில் விழுந்துவிட்டாள். விளக்கு பச்சையாக எரிந்தது. திரும்பிப் போய்ச் சரியாகப் படித்தேன். அணைந்துவிட்டது.

புரிந்துவிட்டது. சரியாகப் படித்தால் மதாமுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தப்பாகப் படித்தால்தான் திருத்த எழுந்து வருகிறாள். கூடவே குப்பை கொட்டினவளுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும்.

செப்டம்பர் 12, மாலை 4:25

அவள் எழுதியது: ஒர்தான்ஸ் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கினாள்.

நான் படித்தது: ஒர்தான்ஸ் சந்தையில் ஒரு கொடுவா மீன் வாங்கினாள், தலையோடு. புளி கரைத்து ஊற்றி, மாங்காய் போட்டு, மூடி வைத்தாள். தெருவெல்லாம் மணந்தது. பாதிரியார் வந்து எட்டிப் பார்த்தார்.

விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. இவ்வளவு கோபத்தை நான் இங்கே பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

துரைக்கண்ணு: "லாத்தா, நீங்க எழுதறதெல்லாம் இங்கயும் வருது, படிச்சிட்டு டாக்டரம்மா சிரிக்கிறாங்க. அவங்க சிரிச்சு நாங்க பாத்ததே இல்ல. மீன வுட்டுறாதீங்க."

செப்டம்பர் 27, காலை 8:00

பம்ப் இருமுவதை விட்டுவிட்டது. பாதி செத்துவிட்டது என்று அர்த்தம். கப்பல்காரர்கள் சொல்லச் சொல்ல நானும் திருகிப் பார்த்தேன். மின்சாரம் குறைந்துகொண்டே போகும் என்கிறார்கள். குளிர்ப்படுக்கைதான் நிறையத் தின்கிறது. மற்றதை அணைக்கவேண்டும்.

நடைபாதை விளக்குகளை அணைத்தேன். செடி வளர்க்கும் அறையை அணைத்தேன், கொத்தமல்லி போயிற்று. பெரிய கம்ப்யூட்டரை அணைத்தேன்.

நேற்று வந்த பக்கத்தில் ஒர்தான்ஸ் நிலைக்கண்ணாடியை விற்றாள். அதற்கு முன்னால் கடிகாரம். அந்தப் பக்கத்தை மட்டும் தப்பில்லாமல் படித்தேன். காரணம் கேட்காதீர்கள்.

அக்டோபர் 15, மதியம் 1:15

துரைக்கண்ணு: "லாத்தா, ஒரு எஞ்சின் படுத்துருச்சு. நவம்பர் பதிமூணுக்கு முன்ன வர முடியாது. கப்டன் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு. டாக்டரம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. சொல்லிர்றேன். படுக்கைக்கும் ஒங்க ஹீட்டருக்கும் சேத்துக் கரண்டு பத்தாத நாள் வரும். வெளக்கு எரியிற வரைக்கும் படுக்கைக்குக் குடுங்க. வாசிச்சும் எரியாமப் போனா அவங்க இல்லன்னு அர்த்தம். அன்னைக்குப் படுக்கைய அணச்சிட்டு ஹீட்டரப் போட்டுக்கங்க. ஒருத்தராவது வேணும் லாத்தா."

கேட்டுக்கொண்டேன். பயம் வரவேண்டும். வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுவதுபோல மனதைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை.

அடுப்பை அணைத்தேன். இனி டீ கிடையாது. நாலு மணிக்கு வெறும் குவளையைக் கையில் வைத்துக்கொள்கிறேன்.

என் பதில்: "தம்பி, இதெல்லாம் சொல்ல ஒன்ன அனுப்புறாங்க பாரு. சம்பளத்தக் கூட்டிக் கேளு."

அக்டோபர் 29, மாலை 4:40

இன்றைக்குப் பக்கம் திறந்தது. ஒரு எழுத்தும் புரியவில்லை. எழுத்துக்கு மேலே கொம்பு, கீழே வால். பிரெஞ்சு. மதாம் தமிழாக்கினது நேற்றோடு முடிந்திருக்கிறது. மீதியை இனிமேல்தான் எழுத இருந்தாள்.

ஒர்தான்ஸ் வீட்டில் பாக்கி இருப்பது ஒரு நாற்காலியும் விளக்கும். லெப்டினன்ட் இன்னும் வரவில்லை.

துரைக்கண்ணு: "அந்தப் பொஸ்தவம் எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு லாத்தா. கடைசி வரைக்கும் தமிழ்ல மாத்தி இப்பவே அனுப்பிர்றேன்."

நான்: "அனுப்பினா, நெலையத்துக்குள்ள கால வெக்க விட மாட்டேன். கடைசிப் பக்கத்த அவ வாசிக்கிறேன்னு சொல்லியிருக்கா. அவ வாயாலதான் கேப்பேன். நீ வாயத் தொறக்காத."

"அப்ப எத வாசிப்பீங்க?"

"இத்தன நாளு என்னத்த வாசிச்சேன்? அதத்தான்."

நவம்பர் 4, மாலை 4:30

தினம் ஒரு முடிவு சொல்கிறேன்.

லெப்டினன்ட் வண்டியில் வந்து இறங்கினான், கல்யாணம், பந்தியில் கொடுவா. பச்சை.

லெப்டினன்ட் போரில் செத்தான், கடிதம் வந்தது. பச்சை.

கொழுந்தன்காரன் மனம் திருந்தி விற்ற சாமானையெல்லாம் மீட்டுக் கொடுத்தான். ரொம்ப நேரம் பச்சை. இதற்கு நானே விளக்கு போட்டிருப்பேன்.

ஒர்தான்ஸ் ஆற்றில் விழுந்தாள். பச்சை.

என் அறையைச் சாத்திவிட்டேன். படுக்கை இருக்கும் அறைக்கே வந்துவிட்டேன். ஹீட்டர் அரை மணி எரியும், பிறகு அணைப்பேன். வெளியே போகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் ஒரு சூட்டுக் கம்பி உண்டு. பேட்டரி இருக்கும்வரை.

ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு தரம் இங்கே விடிகிறது. விடிந்து என்ன.

நவம்பர் 9, காலை

ஹீட்டரை நிறுத்தியாயிற்று. இனி அதுவும் படுக்கையும் சேர்ந்து ஓடாது.

இடது கை விரல்கள் வெள்ளை. ஊசியால் குத்திப் பார்த்தேன். யாரோ குத்திய மாதிரி இருந்தது.

துரைக்கண்ணு பாட்டுப் போடட்டுமா என்றான். நீ பாடாமல் இருந்தால் போதும் என்றேன். சிரித்தான். பதில் இப்போதெல்லாம் ஒரு நிமிஷத்தில் வருகிறது. நெருங்கிவிட்டார்கள்.

நவம்பர் 11, மாலை 4:15

தொண்டை கட்டிவிட்டது. கேலி செய்யக்கூட மூச்சு இல்லை. மீன், பாதிரியார் எதுவும் வரவில்லை. மனதில் பட்டதை அப்படியே சொன்னேன்.

வீட்டில் விற்க ஒன்றும் இல்லை. நாற்காலியும் போயிற்று. எண்ணெய் தீர்ந்தது. ஒர்தான்ஸ் விளக்கைத் தானே ஊதி அணைத்தாள். கதவைப் பூட்டினாள். வியாழக்கிழமை வண்டி வந்தது. யாரும் இறங்கவில்லை. அவள் ஏறிக்கொண்டாள். வண்டி போய்விட்டது.

விளக்கு எரியவில்லை.

காத்திருந்தேன். படுக்கை காதை மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இனி நாளை நாலு மணிக்குத்தான்.

என் உடுப்பின் பேட்டரியில் கடைசிக் கோடு மின்னுகிறது.

நவம்பர் 11, மாலை 4:50

துரைக்கண்ணு: "லாத்தா, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. படுக்கைய அணைங்க. ஹீட்டரப் போடுங்க. நாளை ஒரு நாள் தாக்குப்புடிச்சாப் போதும், நாளன்னைக்கு காலைல கதவத் தட்டுவோம். தயவுசெஞ்சு லாத்தா."

சுவிட்சுக்கு முன்னால் நின்றேன். ஒரே சுவிட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் அவள், அந்தப் பக்கம் தள்ளினால் நான்.

சரியாகச் சொன்னால் அவளுக்குத் திருத்த ஒன்றும் இல்லை. அப்போதும் விளக்கு எரியாது. செத்தாலும் எரியாது. இரண்டும் ஒரே இருட்டுதான். எது என்று சொல்ல இந்த அண்டத்தில் ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. அதை நான் அவள் வாயால்தான் கேட்பேன் என்று இருந்தேன்.

அனுப்பினேன்: "தம்பி. அந்தக் கடைசிப் பக்கத்த வாசி."

ஒரு நிமிஷம் போயிற்று.

"லாத்தா."

"வாசிடா."

"டாக்டரம்மா வேற மாதிரி சொல்லுன்னு சொல்றாங்க. லெப்டினன்ட் வந்துட்டான்னு சொல்லு, அப்பத்தான் அவங்க ஹீட்டரப் போட்டுக்குவாங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்கன்னு மேல எழுதியிருக்கீங்க, நாங்க எல்லாரும் படிச்சிட்டோம். எனக்குப் பொய் வரல லாத்தா. வெளக்க ஊதி அணச்சிடுது அந்தம்மா. கதவப் பூட்டுது. வண்டி வருது, யாரும் எறங்கல. அந்தம்மாவே ஏறிப் போயிடுது. அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஏன் லாத்தா கேட்டீங்க?"

சிரித்தேன் என்று நினைக்கிறேன். உதடு வெடித்தது.

நான் சரியாகச் சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. அவள் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள், திருத்த ஒன்றும் இல்லை.

சுவிட்சைத் தொடவில்லை.

நான்: "தம்பி, ஒன் டாக்டரம்மாட்ட சொல்லு. மதாம் இருக்கா. கோவப்பட வழியில்லாம படுத்திருக்கா. அவ்வளவுதான்."

நவம்பர் 12

மணி தெரியவில்லை. பேட்டரி போயிற்று. இருக்கிற போர்வை எல்லாம் மேலே. மதாமின் கோட்டும். அதில் கருவாட்டு வாசனை வரும்படி செய்தது நான்தான். முன்பு.

குளிர் தெரியவில்லை. அதுதான் நல்லதில்லை என்று துரைக்கண்ணு சொல்கிறான். பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறான். பெண் பார்த்தால் எனக்குப் போட்டோ அனுப்புவானாம். அனுப்பு. குறை சொல்கிறேன்.

நவம்பர் 12, நாலு மணி

படுக்கை காதைத் திறந்தது. அதனால் நாலு மணி.

விரல் மடங்கவில்லை. முட்டியால் தட்டுகிறேன். சின்னதாகத்தான் வரும்.

முதல் பக்கம் சொன்னேன். நினைவில் இருந்தது. முதல் பக்கத்தில் ஒர்தான்ஸ் ஜன்னலைத் துடைப்பாள். அவ்வளவுதான். நான் அவளைச் சந்தைக்கு அனுப்பினேன்.

கொடுவா. தலையோடு.

பச்சை

நல்ல பச்சை

நவம்பர் 12

துரைக்கண்ணு, கதவு திறந்ததும் முதலில் அவளை. அப்புறம் என்னை. நான் எழுந்து வந்து திட்டவில்லை என்றால் என்னையும் அவள் படுத்த அந்தப் பெட்டியில் போடுவீர்கள்.

நீ வாசித்தது கணக்கில் சேராது. கடைசிப் பக்கம் அவள் வாயால். பாக்கி இருக்கிறது.

நாலு மணிக்கு. ஒரு பக்கம்தான்.

மதாமைச் சரியாக வாசிக்கச் சொல். ஒரு எழுத்து பிசகாமல். முட்டைக்கோஸ் என்றால் முட்டைக்கோஸ்

மீன் இல்லாமல்

எனக்குக் கோபம் வரு